தோணியில் கிடந்த ராசா

எகிப்தை நான் கண்ணால் கண்டதில்லை. எங்கள் அதிபரும் கண்டதில்லை. பாடப்புத்தகம் எழுதியவர்கள் கண்டார்களோ, அதுவும் எனக்குச் சந்தேகம்தான். ஆனாலும் யுத்தம் நடந்த வருடங்களில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே ஒரு பள்ளிக்கூடத்தில், பாதி ஓடும் பாதிக் கிடுகுமாகக் கூரை போட்ட வகுப்பறையில் நின்று எகிப்தியரின் பண்பாட்டையும் நம்பிக்கைகளையும் நான் கற்பித்துக்கொண்டிருந்தேன். சரித்திரத்துக்கு நான்தான் ஆசிரியை. புவியியலுக்கும் நான்தான். சங்கீத டீச்சர் வராத நாட்களில் சங்கீதத்துக்கும் நான்தான். அந்த நாட்களில் பிள்ளைகள்தான் பாவம்.

என் வீடு பட்டினப் பக்கம். காலையில் சைக்கிளில் துறைக்குப் போய், அங்கே சென்றி என்கிற இராணுவக் காவலரணில் பையைத் திறந்து காட்டிவிட்டு, வாவியைக் கடக்கும் மிதவையில் ஏறுவேன். அந்த மிதவையை எங்கள் ஆட்கள் 'பாதை' என்பார்கள். அக்கரையில் இறங்கினால் அங்கே மற்றப் பகுதியார், இயக்கப் பொடியன்மார், பையைத் திறக்கச் சொல்வார்கள். என் சாப்பாட்டுப் பெட்டியை அவ்வளவு அக்கறையாகப் பார்த்த இரண்டு கரைக்காரரில் ஒருவராவது, 'சாப்பிட்டீங்களா?' என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

எகிப்துப் பாடம் எங்கள் பிள்ளைகளுக்கு ஆச்சரியப்படும் அளவுக்கு இலகுவாக விளங்கியது. நைல் நதியின் கிழக்குக் கரையில் உயிரோடிருப்பவர்கள் வாழ்ந்தார்கள். சூரியன் மறைகிற மேற்குக் கரை இறந்தவர்களுக்கு. பெரிய கல்லறைகள் எல்லாம் அங்கேதான். இதை நான் கரும்பலகையில் கீறிக் காட்டினேன். எங்கள் வாவிக்கும் இரண்டு கரைதான். சூரியன் எழுகிற பக்கம் எழுவான்கரை, படுகிற பக்கம் படுவான்கரை. பின் வாங்கில் இருந்த ஒருத்தி எழும்பி, "அப்ப டீச்சர், நாங்க செத்த ஆக்களா?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். எழுவான்கரையில் மின்சாரம் இருந்தது, இங்கே இல்லை. அங்கே தலையிடிக் குளிசை கடையில் வாங்கலாம், இங்கே தலையிடியை மட்டும்தான் தடை செய்யாமல் விட்டிருந்தார்கள். அடுத்த பக்கத்தைப் புரட்டச் சொன்னேன்.

அடுத்த பக்கத்தில், இறந்தவனின் இருதயத்தைத் தராசில் வைத்து ஓர் இறகோடு நிறுத்துப் பார்க்கும் படம். நரித் தலை கொண்ட தெய்வம் ஒன்று தராசடியில் நிற்கும். இதுவும் உடனே விளங்கிவிட்டது. இராணுவச் சுற்றிவளைப்பு நடக்கும்போது ஆண்களை வரிசையாக்கி, கண்ணுக்கு மட்டும் ஓட்டை வைத்த சாக்கு மூடிய ஓர் ஆளுக்கு முன்னால் ஒவ்வொருவராக நடக்க விடுவார்கள். சாக்குத் தலை ஆடினால் அந்த மனிதன் வீட்டுக்குத் திரும்ப மாட்டான். "தலையாட்டி மாதிரியா டீச்சர்?" என்றான் ஒருவன். எகிப்தில் இருதயத்தையாவது நிறுத்துப் பார்த்தார்கள்.

எகிப்தியர் ஒரு மனிதனுக்கு ஒரே ஓர் உயிர் என்று முடிக்கவில்லை. ஒன்று கல்லறையிலேயே தங்கி, உறவினர் கொண்டுவந்து படைக்கும் சாப்பாட்டை உண்ணும். இன்னொன்று மனிதத் தலையுள்ள பறவையாகி வெளியே பறந்து திரிந்துவிட்டு உடலிடம் திரும்பி வரும். இதை ஒருநாள் அதிபரிடம் சொன்னேன். "ஒரு உசிரக் காப்பாத்திறதே இஞ்ச பெரும்பாடாக் கிடக்கு டீச்சர்" என்றார்.

அதிபர் பயந்த மனிதர். பயப்படாதவர்கள் அந்தக் காலத்தில் அந்த நாற்காலியில் அதிக நாள் இருந்ததில்லை, ஆகவே அவரைக் குறை சொல்ல மாட்டேன். எல்லாப் பள்ளிக்கூடங்களும் கல்விக் கண்காட்சி நடத்த வேண்டும் என்று கல்வித் திணைக்களக் கந்தோரிலிருந்து கட்டளை வந்தபோது, விஞ்ஞானத்துக்கு ஒரு அறை, கணிதத்துக்கு ஒரு அறை, சரித்திரத்துக்கு என் வகுப்பான மூலை அறை என்று பிரித்துக் கொடுத்தார். நான் பழைய ராசாக்களைப் பற்றிச் செய்யலாமா என்று கேட்டேன். அவர் கதவுப் பக்கம் பார்த்தார். அறைக்குக் கதவு இல்லை.

"தமிழ் ராசா எண்டா ஆமி கேக்கும். சிங்கள ராசா எண்டா பொடியன்மார் கேப்பாங்க. ரெண்டு பகுதிக்கும் சொந்தமில்லாத ராசா ஒருத்தரும் உங்கட பாடத்தில இல்லையா?"

"இரிக்கார் சேர். எகிப்தில."

"செத்திட்டாரா?"

"மூவாயிரம் வருசமாகுது."

"நல்லம். அவரையே வைப்பம்."

இப்படித்தான் படுவான்கரைக்கு எகிப்து ராசா வந்து சேர்ந்தார்.

இங்கே நான் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கா என்றால் என் கூடப்பிறந்தவர் இல்லை. பள்ளிக்கூடத்தில் எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றித் தருகிறவர். என் வகுப்புக்குப் பின்னால் அவருடைய குசினிக் கொட்டில். இடையில் இருந்த யன்னலுக்குக் கதவு இல்லாததால், நான் படிப்பித்த எகிப்து முழுவதையும் அவரும் கேட்டார். தேத்தண்ணியோடு கேள்வியும் வரும். "அந்தப் பறவ டீச்சர், வழி தெரியாம வேற ஆளிட்டப் போயிராதா?" என்பார். வகுப்பிலிருந்து அப்படியான கேள்வி எனக்கு வந்ததில்லை.

அக்காவின் புருஷன் மீன்பிடிகாரர். தொண்ணூறாம் ஆண்டு, சைக்கிள் டயர் ஒன்று வாங்க எழுவான்கரைக்குப் போனவர். துறையில் இறங்கியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். டயர்க் கடைக்குப் போனதைக் கண்டவர்கள் இல்லை. அக்கா முகாம் முகாமாக ஏறி இறங்கினார். ஒவ்வொரு முகாமிலும் அப்படி ஓர் ஆள் இங்கே இல்லை என்று மரியாதையாகச் சொன்னார்களாம். இல்லை என்றார்களே தவிர, செத்துவிட்டார் என்று ஒருவரும் சொல்லவில்லை. அக்கா அதைப் பிடித்துக்கொண்டார். நெற்றியில் பொட்டு வட்டமாக, பெரிதாக இருக்கும். பள்ளிக்கூட நாளென்றால் கொட்டிலில், லீவு நாளென்றால் வீட்டில், மத்தியானம் உலை இறக்கியதும் முதல் வேலையாக ஒரு சாப்பாட்டுக் கோப்பையில் சோறும் கறியும் போட்டு, இன்னொரு கோப்பையால் மூடி வைப்பார். பொழுது பட்டதும் அதைக் கோழிக்குக் கொட்டுவார். மறுநாள் மறுபடியும் மூடி வைப்பார். ஏன் என்று நான் ஒருமுறை கேட்டுத் தொலைத்தேன். "எல்லா வீட்டிலயும் புருசனுக்குச் சோறு மூடித்தானே வைப்பாங்க டீச்சர்?" என்றார், நான் ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டதுபோல.

அவரோடு அவருடைய மாமி இருந்தார், புருஷனின் தாய். சித்தாண்டிப் பக்கத்து மனுஷி. அந்த வீடு எரிந்துபோக, வேறு பிள்ளைகள் இல்லாததால் மருமகளிடம் வந்துவிட்டார். எங்கள் பக்கத்தில் தாய் மகளோடு இருப்பாளே தவிர, மகனின் மனைவியோடு இருப்பது வழக்கமில்லை. அதுவும் மகன் இல்லாத வீட்டில். இரண்டு பேரும் ஒரே உலையில் சோறாக்கி, ஒரே பாயில் படுத்தார்கள். ஒன்றில் மட்டும் ஒத்துப்போகவில்லை. மகன் செத்துவிட்டான் என்று மாமிக்கு நிச்சயம். செத்தவருக்குச் செய்கிற எட்டாம் நாள் சடங்கும் முப்பத்தோராம் நாள் சடங்கும் செய்யாமல் விட்டதால் அவன் பசியோடு அலைகிறான் என்று கிழவி நம்பினார். "என்னத்த எண்டு புதைக்கிற? ஒரு நகமெண்டாலும் தந்தாங்களா? ஒண்டும் இல்லாம எப்பிடி என்ட புள்ளைக்கு எட்டுச் செய்யிற?" என்று என்னிடம் சொல்லி அழுவார். அக்கா அந்த நேரத்தில் பானையை உரத்துத் தேய்ப்பார். எட்டுச் செய்தால் அக்கா விதவை. பொட்டை அழிக்க வேண்டும், தாலியைக் கழற்ற வேண்டும், மூடி வைக்கிற கோப்பையைக் கவிழ்த்து வைக்க வேண்டும். உடம்பு கிடைக்காத வரையில் மாமிக்கு வழியில்லை, அக்காவுக்குப் பயமில்லை. அந்த வீடு அந்தச் சமநிலையில் வருடக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தது.

ராசாவின் உடலைச் சுற்றத் துணி வேண்டும். நான் ஒரு மடச்சி, முறைப்படி செய்வோம் என்று பட்டினத்துப் பாமசியில் வெள்ளைக் காயக்கட்டுச் சீலை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு துறைக்குப் போனேன். காயத்துக்குக் கட்டுகிற எதுவும் அக்கரைக்குப் போகக் கூடாது என்பது சட்டம் என்று எனக்குத் தெரியும். ஆனால் இது காயத்துக்கு இல்லையே என்று நினைத்தேன். படித்தவர்களுக்கு இப்படித்தான் புத்தி போகும்.

சென்றியில் நின்ற சிப்பாய்க்கு இருபது வயதும் இராது. சுருள்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மேசையில் வைத்தான்.

"டீச்சர், யாருக்குக் காயம்?"

"ஒருத்தருக்கும் காயமில்ல. இது ராசாவுக்கு."

"எந்த ராசா?" என்று துவக்கை மற்றத் தோளுக்கு மாற்றினான். இயக்கத்தில் ராசா என்ற பெயரில் நாலைந்து பேராவது இருந்திருப்பார்கள்.

"எகிப்து ராசா. செத்துப் போனவர். மூவாயிரம் வருசம்."

அவன் ஒரு சுருளைத் தூக்கிக் காட்டினான். "செத்த ஆளுக்கு என்னத்துக்கு பண்டேஜ்?"

நான் எத்தனையோ வருடம் எகிப்து படிப்பித்திருக்கிறேன். இவ்வளவு நேர்மையான கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. அவனுடைய அரைத் தமிழுக்கும் என்னுடைய கால் சிங்களத்துக்கும் நடுவில் நின்று விளக்கினேன். குடலை எடுப்பார்கள், மூளையைக் கம்பி விட்டு மூக்கால் இழுப்பார்கள், உப்பில் ஊறப் போடுவார்கள், பிறகு சீலையால் சுற்றுவார்கள் என்றேன். மூக்கு வரையில் வந்ததும் அவன் முகம் மாறித் தன் மேலதிகாரியான பெரியவரைக் கூப்பிட்டான். பெரியவர் வந்து, எல்லாவற்றையும் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார். அவருக்கு விளங்கியது. இப்படி ஒன்றைப் படத்தில் பார்த்திருக்கிறாராம். சிரித்தார். ஆனாலும் சீலை போக முடியாது என்றார். ராசா இந்தக் கரைக்கு வந்தால் இங்கே வைத்துக் கட்டிவிடலாம் என்றார். என் சாப்பாட்டுப் பெட்டியைத் திருப்பித் தந்தார்கள்.

எனக்கு வந்த ஆத்திரம் பாதை அக்கரை சேரும் வரையும் ஆறவில்லை. வகுப்பில் போய், வீட்டில் கிழிந்த வேட்டி, பழைய வெள்ளைச் சீலை எது இருந்தாலும் கொண்டு வாங்க என்றேன். அடுத்த நாளே குவிந்துவிட்டது. வெள்ளைத் துணிக்கு அந்த ஊரில் பஞ்சமில்லை, அந்த வருடங்களில் செத்தவீடு அவ்வளவு.

அக்காவும் ஒரு வேட்டி கொண்டுவந்தார். புருஷனுடையது. நான் வாங்கத் தயங்கினேன்.

"பிடியுங்க டீச்சர். இது அவரே கிழிச்சு விளக்குத்திரி திரிக்கச் சொன்ன வேட்டி. இதைப் பொத்தி வச்சு என்ன? வந்தா புதுசு உடுக்கட்டும்."

செத்தவர்களின் துணியைத்தான் பெட்டிக்குள் பொத்தி வைப்பார்கள். உயிரோடிருப்பவரின் கந்தலை யார் வைத்திருப்பார்கள்? அக்காவின் கணக்கில் பிழையில்லை. வேட்டியின் ஒரு ஓரம் நீல வலைநூலால் பெருந்தையலாகத் தைத்திருந்தது. எகிப்தியருக்கு நீலம் பிடித்த நிறம் என்று புத்தகத்தில் இருந்ததால், அந்தத் துண்டை ராசாவின் நெஞ்சுக்கு மேலே வரும்படி சுற்றினேன். உள்ளே வைக்கோல். முகத்துக்கும் வெள்ளைத் துணியே. ராசாவின் முகம் எப்படியிருக்கும் என்று எங்களில் யாருக்குத் தெரியும்?

சவப்பெட்டிக்கு மரம் இல்லை. ஆனால் துறையடியில் துவக்குச் சூடு பட்டு ஓட்டையான ஒரு தோணி கவிழ்ந்து கிடந்தது. எகிப்தியர் ராசாக்களோடு தோணியையும் புதைத்தவர்கள் என்று சொல்லி, பெரிய வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு அதைத் தூக்கி வந்து மூலை அறையில் வைத்து, ராசாவை அதற்குள் கிடத்தினோம். அதிபர் வந்து பார்த்துவிட்டு, "கொஞ்சம் அதிகமாத்தான் இரிக்கு" என்றார். என்ன அதிகம் என்று சொல்லவில்லை.

கண்காட்சி நாள் காலையில் விஞ்ஞான அறையில் ஆட்கள் இல்லை. கணித அறையில் அந்த ஆசிரியர் மட்டும் தன் முக்கோணங்களோடு உட்கார்ந்திருந்தார். என் அறைக்கு முன்னால் வரிசை. முதலில் எனக்குப் பெருமையாக இருந்தது, மறைக்க மாட்டேன். பிறகுதான் கவனித்தேன், வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பெண்கள். சிலர் இரண்டு ஊர் தாண்டி நடந்து வந்திருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் பொலித்தீன் பைக்குள் ஒரு படம்.

பள்ளிக்கூடத்தில் தோணிக்குள் ஒரு 'பொடி', அதாவது உடம்பு, கிடக்கிறது, வெள்ளை சுற்றி வைத்திருக்கிறார்கள், முகம் தெரியவில்லை என்று ஊரெல்லாம் கதை போயிருந்தது. அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அந்தக் கரையில் எங்கேயாவது ஓர் உடல் கிடக்கிறது என்று கேள்விப்பட்டால் போய்ப் பார்ப்பது ஆளைத் தொலைத்த இந்தப் பெண்களின் வழக்கம். வாவியில் மிதந்தாலும் போவார்கள், வட்டைக்குள் வயல் வரம்பில் கிடந்தாலும் போவார்கள். அடுப்பில் உலை கொதித்தாலும் இறக்கி வைத்துவிட்டுப் போவார்கள். பள்ளிக்கூடத்தில் கிடந்தால் மட்டும் போகாமல் விடுவார்களா?

நான் வாசலில் நின்று, "அம்மா, இது பொம்ம. வைக்கோல். புள்ளைகளுக்குப் படிப்பிக்கச் செய்தது" என்று ஒவ்வொருவருக்கும் சொன்னேன்.

"ஓம் டீச்சர், பொம்மதான்" என்றார் ஒருவர். "எண்டாலும் ஒருக்காப் பாத்திட்டுப் போறன்."

எல்லோரும் அப்படித்தான். உள்ளே வந்து, முதலில் காலடிக்குப் போனார்கள். முகத்தை நம்பக் கூடாது, காலைத்தான் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் பட்டுப் படித்த பாடம். நீளத்தைக் கண்ணால் அளந்தார்கள். ஒருவர் வைக்கோல் பாதத்தை மெல்ல அழுத்திப் பார்த்தார். பார்த்துவிட்டு, "இவர் இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நிம்மதியாகப் போனார். வைக்கோல் பொம்மை தன் மகன் இல்லை என்பதில் ஒரு தாய்க்கு அவ்வளவு நிம்மதி. நான் சுவரில் ஒட்டியிருந்த படங்களைத் திருத்துவதுபோல அந்தப் பக்கம் திரும்பி நின்றேன். அதிபர் எட்டிப் பார்த்து, "நல்ல சனம், டீச்சர்" என்று மகிழ்ச்சியாகச் சொன்னார்.

பிறகு மாமி வந்தார். மற்றவர்களைப்போலக் காலடிக்குப் போனார். அங்கிருந்து மேலே பார்த்துக்கொண்டு வந்தவர் நெஞ்சில் நின்றார். குனிந்து அந்த நீலத் தையலை விரலால் தடவினார்.

"இது என்ட தையல்."

தோணியடியில் நிலத்தில் உட்கார்ந்தார். குரல் எழுந்தது. என் அறையின் ஒரு சுவரில், தலையில் கை வைத்து அழும் எகிப்துப் பெண்களின் படம் இருந்தது. செத்தவீட்டுக்கு அழுவதற்கென்றே அங்கே பெண்கள் இருந்தார்கள் என்று அதன் கீழ் அழகான எழுத்தில் எழுதியிருந்தேன். இங்கே கூலிக்கு ஆள் பிடிக்கத் தேவையிருக்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் உள்ளே வந்து, கிழவியைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்காள் தோளில் கை போட்டு ஒப்பாரி வைத்தார்கள். ஒவ்வொருவரும் தன்தன் ஆளுக்காகத்தான் அழுதார்கள். எனக்கும் அழுகை வந்தது. நான் யாருக்காக அழுதேனோ தெரியாது.

சத்தம் கேட்டு அக்கா தேத்தண்ணித் தட்டோடு வந்தார். வாசலில் நின்றபடியே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"மாமி, எழும்புங்க. அது நான் குடுத்த வேட்டி."

"தெரியும்" என்றார் மாமி. அழுகை நின்றுவிட்டது. "எனக்கு மண்ட கழரல்ல புள்ள. உள்ளுக்க வைக்கோல் எண்டும் தெரியும். வேட்டி அவன்ட. தையல் என்ட. எனக்கு இது போதும், காணும். நான் இதப் புதைக்கப் போறன்."

"அவர் சாகல்ல."

"உனக்குச் சாகல்ல."

மாமி என் பக்கம் திரும்பினார். "டீச்சர், நீங்க படிச்ச ஆள். அந்த நாட்டில உடம்பு கிடைக்காட்டி என்ன செய்வாங்க?"

எனக்கு விடை தெரியும், அதுதான் கஷ்டம். உடல் அழிந்துபோனாலும் உயிர் வந்து தங்குவதற்கு என்று அவர்கள் கல்லிலோ மரத்திலோ ஆளைப் போலவே ஓர் உருவம் செய்து கல்லறையில் வைப்பார்கள். பாடத்தில் இருக்கிறது. அக்காவும் யன்னலால் கேட்டிருக்கிறார். பொய் சொல்லியிருக்கலாம். "உருவம் ஒண்டு செய்து வைப்பாங்க அம்மா" என்றேன். "அது காணும் எண்டுதான் அவங்கட நம்பிக்க."

அக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. "அங்க பொஞ்சாதியக் கேட்டுத்தான் செய்தவங்களா டீச்சர்?"

அது புத்தகத்தில் இல்லை. அக்கா தட்டைத் தூக்கிக்கொண்டு அதிபரின் அறைக்குப் போய், அங்கிருந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தார். யாருக்குச் சீனி, யாருக்குச் சீனி இல்லை என்று ஒன்றும் பிசகவில்லையாம். பிறகு குசினிக் கொட்டிலுக்குள் போனார். யன்னலால் பார்த்தேன். அடுப்படியில் குந்தியிருந்து, மூடி வைத்திருந்த கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே போயிருக்கலாம். அந்த முகத்துக்கு முன்னால் போக எனக்குத் தைரியம் வரவில்லை.

அவர் திரும்பி வந்தபோது முகம் கழுவி, புதிதாகப் பொட்டு வைத்திருந்தார். மாமிக்கு முன்னால் குந்தினார்.

"புதையுங்க மாமி. எட்டும் செய்யுங்க, முப்பத்தொண்டும் செய்யுங்க. நானே சமைச்சுத் தாறன். ஆனா என்ட பொட்டில ஒருத்தரும் கை வைக்கப்படாது."

கிழவி மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டார். "உன்ட புருசன் உன்ட பாடு மகள். நான் என்ட புள்ளையை மட்டும்தான் அனுப்பிறன்."

ஊரில் இப்படி ஒரு வழக்கம் இல்லை. ஆனால் அங்கிருந்த பெண்களில் ஒருத்தியும் மறுப்புச் சொல்லவில்லை. அதிபர்தான், இது பள்ளிக்கூடச் சாமான், கந்தோரால் ஆட்கள் வரப் போகிறார்கள் என்று இழுத்தார். ஒரு கிழவி நிமிர்ந்து பார்த்த பார்வையில் அவர் முக்கோணங்களைப் பார்வையிடப் போய்விட்டார். பெரிய வகுப்புப் பிள்ளைகள் ராசாவைத் தூக்கினார்கள். வாவிக்கரை மணலில், மருத மரத்துக்குக் கீழே குழி வெட்டி, எகிப்து ராசாவை எங்கள் முறைப்படி புதைத்தார்கள். அவருக்காக அவ்வளவு பேர் உண்மையாக அழுதிருப்பார்களோ, சொந்த நாட்டில்?

கந்தோர் ஆட்கள் மத்தியானம் கடந்து வந்தார்கள், பாதை சுணங்கிவிட்டதாம். என் அறையில் வெறும் தோணி. இது என்ன என்று கேட்டார்கள். அரச கல்லறை என்றேன். ராசா எங்கே என்றார்கள். எகிப்திலும் பெரும்பாலான கல்லறைகள் திறந்து பார்த்தபோது வெறுமையாகத்தான் இருந்தன என்றேன். அது உண்மைதான். முதற்பரிசு விஞ்ஞானத்துக்குப் போனது, பற்றரி இல்லாமல் எரிகிற விளக்குக்கு. அன்றைக்கு அது எரியவில்லை.

எட்டும் நடந்தது, முப்பத்தொன்றும் நடந்தது. மாமியின் அழுகை குறைந்தது. நல்லாக நித்திரை கொள்கிறார் என்று அக்கா சொன்னார். அடுத்த வருடம், கண்காட்சி நடந்த அதே திகதியில், ஆட்டைத் திவசத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். மகன் செத்த நாள் மாமிக்குத் தெரியாது. புதைத்த நாள் தெரியும்.

அக்காதான் எல்லாம் சமைத்தார். ஒரே உலை, ஒரே சட்டி. மாமி தலைவாழையிலை விரித்து, குத்துவிளக்கு ஏற்றி, மகனுக்குப் பிடித்ததெல்லாம் வைத்துப் படைத்து, கண்ணை மூடிக் கும்பிட்டார். குசினியில் அக்கா அதே சட்டியிலிருந்து அதே கறியை எடுத்து, வழக்கமான கோப்பையில் போட்டு மூடி வைத்தார். முன் வீட்டில் செத்தவருக்குச் சோறு, பின் வீட்டில் உயிரோடிருப்பவருக்குச் சோறு. மாமி இலையைத் தூக்கிக் காகத்துக்கு வைக்கப் போனபோது குசினியைக் கடந்துதான் போனார். மூடிய கோப்பையைக் கண்டார். அதற்குப் பக்கத்தில் இருந்த தண்ணிச் செம்பைக் கொஞ்சம் நகர்த்தி, கைக்கு எட்டும்படி வைத்துவிட்டுப் போனார்.

எனக்குப் பொறுக்க முடியவில்லை. கேட்கக் கூடாததைக் கேட்பது என் பிறவிக் குணம்.

"அக்கா, ஒரு கதைக்குக் கேக்கிறன். இண்டைக்கு அவர் வந்து நிண்டா, எந்தச் சோத்தத் தின்பார்?"

அக்கா அகப்பையைக் கழுவிக்கொண்டே யோசித்தார். பிறகு, நான் அந்த வீட்டுக்குப் போக வர இருந்த இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, வாய் விட்டுச் சிரித்தார்.

"ரெண்டையும் தின்பார் டீச்சர். நல்லாப் பசிச்சுத்தானே வருவார்."